மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றவர் எதைப் பார்த்தார்?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. அப்பச்சி (எங்கள் அப்பா) போன வருஷம் தவறிவிட்டார். நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர், ஒரு தங்கச்சி. நகைகளை ஆத்தா இருக்கும்போதே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். சாமான்கள்தான் பாக்கி. பித்தளை, வெண்கலம் சுமார் 240 கிலோ. 'தாது வருஷம் வைகாசி மாதம்' என்று பேர் வெட்டிய ஒரு ஜோடிக் குத்துவிளக்கு. எனாமல் தூக்குகளும் தட்டுகளும் முப்பதுக்கு மேல். ரவிவர்மா கையால் வரைந்தது என்று அப்பச்சி சொல்லும் லட்சுமி படம். சுருக்குப்பையில் 62 வெள்ளி ரூபாய், ராமர் பட்டாபிஷேகம் போட்ட இரண்டு செப்புக்காசு. ஓடாத சுவர்க்கடிகாரம். சாமி வீட்டில் (பூஜை அறையில்) ஒரு சாண் உயர அம்மன். தந்தக் குங்குமச்சிமிழ், சின்ன வயதில் எனக்குப் போட்ட புலிநகச் சங்கிலி. ஒரு பெட்டி நிறைய ரங்கூன் கணக்குப் புத்தகங்கள், கடிதங்கள், ஓலைக்கட்டு. ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் 2,75,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். முகப்பில் ஒரு கிருஷ்ணர் படம் கருத்துப்போய்க் கிடக்கிறது. அதை மட்டும் செல்போன் வெளிச்சம் அடித்து, திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "கண்ணாடி ஒடஞ்சிருக்கு, பூச்சி அடிச்சிருக்கு, இதையும் சேத்துப் போட்டுக் குடுங்க" என்றார். விலை நியாயம்தானா? எது பழசு, எது புதுசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் பார்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் துலக்கி வைக்கட்டுமா? 84 வயதில் அத்தை ஒருவர் தேவகோட்டையில் இருக்கிறார். அவருக்குத்தான் பழைய விஷயம் தெரியும்.

பதில்: துலக்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதில் அச்சாகி வருவதற்குள் யாராவது புளியைக் கரைத்துவிடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கிருஷ்ணர் படத்து வரிதான். முப்பது வருஷமாகப் பழம்பொருளுக்கு மதிப்புச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். 'மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்' என்று வருபவர் மொத்தத்துக்காக வருவதில்லை. ஒன்றிரண்டு பொருளில் அவருக்குக் கண் விழுந்திருக்கும், மற்றதெல்லாம் அந்த ஒன்றைச் சுற்றிக் கட்டும் வைக்கோல். அவர் எதைப் புகழ்கிறார் என்று பார்க்காதீர்கள், எதைக் குறை சொல்லிக்கொண்டே கையில் எடுக்கிறார் என்று பாருங்கள். மரப்பலகையில் செய்த படத்துக்கு வயசு தெரிவது பின்பக்கத்தில்தான். ஆகவே படத்தைத் திருப்பிப் பார்த்தவர் விஷயம் தெரிந்தவர். இது பழைய தஞ்சாவூர்ப் படமாக இருக்குமோ என்று பார்த்திருக்கிறார்.

நீங்களும் அதையே செய்யுங்கள். இரண்டு பேராகப் பிடித்து, மெத்தென்ற துணியில் முகம் படாமல் நிறுத்தி, பின்பக்கத்தைப் பாருங்கள். பிளைவுட்டாக இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது, அது நம் காலத்துத் தஞ்சாவூர்ப் படம். பலா அல்லது தேக்குப் பலகைகளை ஒட்டி, குறுக்குச் சட்டம் அடித்து, அறுவையின் தடம் மேடுபள்ளமாகத் தெரிந்தால் மேலே போகலாம். பலகை மேல் துணி, துணி மேல் சுண்ணமும் புளியங்கொட்டைப் பசையும் கலந்த பூச்சு, அதிலேயே புடைப்பு வேலை, அதன் மேல் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு), கண்ணாடிக் கற்கள் என்று அடுக்கடுக்காக ஏற்றுவதுதான் அந்த முறை. ரேக்கு நிஜத் தங்கமாக இருந்தால் அது கருக்காது. கருத்திருப்பது மேலே பூசிய வார்னிஷும் எழுபது எண்பது வருஷத்து விளக்குப் புகையும்தான். போலி ரேக்கு என்றால் ஓரங்களில் பச்சையோ கறுப்போ உள்ளிருந்தே கிளம்பியிருக்கும். உடைந்த கண்ணாடி வழியே ஒரு புடைப்பின் பக்கவாட்டைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தொட வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் தொட்டவன். இருபத்திரண்டு வயதில், இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்த புதிதில், பெரியம்மா வீட்டு ராமர் படத்தை ஈரத்துணியால் துடைத்தேன். சுண்ணம் தண்ணீரைக் குடித்து உப்பியது. துணியைப் பார்த்தால் ராமருடைய கிரீடத்தில் பாதி அதில் இருந்தது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படத்தை மட்டும் அப்புறம் என் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிட்டார்.

அதேபோல், 'புதுப்பித்துத் தருகிறோம்' என்று சொல்லும் படக்கடைகளிடமும் கொடுக்காதீர்கள். பழைய வண்ணத்தைச் சுரண்டி, புது எனாமல் பெயிண்ட் அடித்து, கல்லை மாற்றித் திருப்பித் தருவார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், விலை மட்டும் பத்தில் ஒன்றாகியிருக்கும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930லிருந்து ஒரு வேதியியல் பாதுகாப்புக்கூடம் இருக்கிறது. இப்படிப்பட்ட பொருளை எப்படிக் கையாள்வது என்று அங்கே கேளுங்கள். அதுவரை படத்தைச் சாமி வீட்டுப் புகையிலிருந்தும் ஈரச்சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள், போதும்.

துலக்குவது பற்றி ஒரு வார்த்தை. தினம் புழங்கிய பித்தளைக் குடம், அண்டா, தவலையெல்லாம் எண்பது வருஷமாகப் புளியும் சாம்பலும் பார்த்தவைதான். இன்னொரு முறை தேய்த்தால் ஒன்றும் குடி முழுகாது. நான் பயப்படுவது மூன்று இடத்தில்: பேர் வெட்டிய எழுத்து, காசுகள், அந்த அம்மன். எழுத்து தேய்ந்தால் சாட்சி போயிற்று. காசைத் தேய்த்தால் சேகரிப்பவர் தொடவே மாட்டார், உருக்குபவர்தான் எடுப்பார். அம்மனின் மேல் படிந்திருக்கும் நிறமே அதன் வயசுக்கு ஒரு சான்று.

அடுத்தது, என் மனசுக்குப் பிடித்த விஷயம்: தாது வருஷம்.

தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது என்றால் 1876–77ஆகவும் இருக்கலாம், 1936–37ஆகவும் இருக்கலாம். விளக்கின் விலைக்கும் சட்ட நிலைமைக்கும் இந்த அறுபது வருஷம் பெரிய வித்தியாசம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்படி ஒரு பொருள் நூறு வருஷம் கடந்தால்தான் தொல்பொருள். 1876 என்றால் கடந்துவிட்டது. 1936 என்றால் இன்னும் இல்லை. உங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் வேறு: பேரனுக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பேரை வைக்கும் வழக்கம். இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை அதே பேர், அதே இனிஷியல். இரண்டு தலைமுறை என்பதும் ஏறத்தாழ அறுபது வருஷம்தான்! வருஷத்தையும் பேரையும் வைத்து மட்டும் யாராலும் தீர்மானிக்க முடியாது.

'பஞ்ச வருஷத்தில் யார் குத்துவிளக்கு செய்திருப்பார்கள், ஆகவே 1936தான்' என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். தாது வருஷப் பஞ்சம் நிஜம்தான், ஆனால் வைகாசியில் அது இன்னும் தொடங்கியிருக்கவில்லை. மழை முழுக்கப் பொய்த்தது அதற்குப் பிந்திய மாதங்களில். ஆகவே அந்த வாதம் நிற்காது. விளக்கே சொல்ல வேண்டும். தண்டைக் கழற்றி மறையை, அதாவது திருகி மாட்டும் புரியைப் பாருங்கள். கையால் வெட்டிய மறை ஒழுங்கில்லாமல் இருக்கும், ஒரு விளக்கின் தண்டு ஜோடி விளக்கின் பாதத்தில் சரியாக உட்காராது. இயந்திரத்தில் கடைந்த மறை என்றால் எதை எதில் மாட்டினாலும் சுற்றும், அது பிந்திய வேலை. திரி வைக்கும் மூக்கின் உட்பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் பாருங்கள்.

அத்தைக்கு 84 வயது என்கிறீர்கள். அப்படியானால் பிறந்தது 1942 வாக்கில். அவருடைய தாயார், அதாவது உங்கள் அப்பத்தா, 1936 வைகாசியில் கல்யாணம் ஆகி வந்திருந்தால் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. நேரில் பார்க்காமல் சொல்ல வேண்டுமானால் நான் 1936 பக்கம்தான் சாய்வேன். உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் அத்தை ஒரு வார்த்தை சொன்னால் இது முடிந்துவிடும். அப்பத்தாவின் கல்யாணச் சாமான் சிட்டை எங்காவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். உங்கள் வீடுகளில் பெண்ணுக்கு வைத்த சாமானை ஒன்றுவிடாமல் எழுதி வைப்பார்கள். அந்த ஒரு காகிதம் கிடைத்தால் பாதிச் சாமானுக்கு வயசு தானாகத் தெரிந்துவிடும். ரங்கூன் பெட்டிக்குள்ளேயே அது கிடந்தாலும் ஆச்சரியமில்லை.

எனாமல் சாமான்களின் அடியைத் திருப்பிப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் அதிகம் கிடைப்பது ஸ்வீடனின் கோக்கும்ஸ் முத்திரை. மூடியோடு இருக்கும் தூக்கு, ஒரே நிறத்தில் அளவு வாரியாக அமையும் அடுக்கு, இவற்றைப் பிரிக்காதீர்கள். நான்கு பேருக்கும் சமமாகப் பங்கு என்று ஒரு ஏழு அடுக்கை ஆளுக்கு ஒன்று இரண்டாகப் பிரித்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அடுக்காக இருந்தபோது ஒரு விலை, பிரித்தபின் தனித்தனிச் சட்டிகள். விளிம்பில் எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிந்தால் விலை சட்டென்று இறங்கும்.

பீங்கானிலும் எனாமலிலும் நாட்டின் பேரே ஒரு காலண்டர். 'நிப்பான்' என்று இருந்தால் பெரும்பாலும் 1891க்கும் 1921க்கும் இடையில், அதன் பிறகு 'ஜப்பான்'. 'ஆக்குபைட் ஜப்பான்' என்றால் இரண்டாம் உலகப்போர் முடிந்து 1952 வரைக்குமான சில வருஷங்கள்தான். 'செக்கோஸ்லோவாகியா' என்று இருந்தால் 1918க்கு முன்னால் போகவே முடியாது, அந்த நாடே அப்போது இல்லை. எந்த நாட்டுப் பேரும் இல்லை என்பதாலேயே பழசு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒட்டுச்சீட்டு கழுவக் கழுவப் போயிருக்கும்.

லட்சுமி படம். ரவிவர்மா கையால் வரைந்த லட்சுமி உங்கள் பட்டாலையில் (கூடத்தில்) தொங்குவதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. 1894இல் பம்பாயில் அவர் அச்சகம் தொடங்கினார், பிறகு அது லோனாவ்லா பக்கத்து மளவ்லிக்குப் போனது. அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் நாடு முழுக்க வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தார்கள். எண்ணெய்ப் படம் போலத் தெரியட்டும் என்று அச்சின் மேல் வார்னிஷ் பூசியிருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் அப்பச்சி அசல் என்று நினைத்திருப்பார். ஒரு பூதக்கண்ணாடியில் கன்னத்தைப் பாருங்கள். ஒழுங்கில்லாத நுண்புள்ளிகள் தெரிந்தால் பழைய கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து எடுத்த அச்சு. பூப்போல வட்ட வட்டமாக, அளவெடுத்தாற்போல் புள்ளிகள் இருந்தால் பிற்கால ஆஃப்செட். சட்டத்துக்குள் அடி ஓரம் மடிந்திருந்தால் அச்சகத்தின் பேர் அதிலேயே இருக்கக்கூடும். சட்டம் போடுபவர்கள் அதை வெட்டிவிடுவதும் உண்டு. புடவைக்கு நிஜ ஜரிகையும் சமிக்கியும் ஒட்டி அலங்கரித்திருக்கிறதா? அப்படியானால் அதைப் பிய்த்துவிடாதீர்கள். வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து செய்த வேலை அது, வெறும் அச்சைவிட அதற்குத்தான் இன்று விரும்பிக் கேட்கிறார்கள். ஒருவேளை அசலாகவே இருந்துவிட்டால்? ரவிவர்மாவின் படைப்புகள் கலைக்கருவூலம் என்று அறிவிக்கப்பட்டவை. நாட்டை விட்டு வெளியே அனுப்பவே முடியாது.

வெள்ளி ரூபாய்க்கு வருவோம். இங்கே கணக்கு எளிது. விக்டோரியாவிலிருந்து ஐந்தாம் ஜார்ஜ் வரை ஒரு ரூபாய் 11.66 கிராம், ஒரு தோலா. அதில் ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி, அதாவது 10.69 கிராம். 1940லிருந்து வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1946, 47இல் நிக்கல்தான். உங்கள் இணைப்புத்தாளில் 51 காசு முதல் வகை, 11 காசு 1944, 45ஆம் ஆண்டுக்காசு என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்த்தால் ஏறத்தாழ 609 கிராம் வெள்ளி. இன்றைய வெள்ளி விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள், அது தரை விலை. அதோடு 240 கிலோ பித்தளை, வெண்கலத்தின் எடை விலையையும் கூட்டுங்கள். வியாபாரி சொன்ன 2,75,000இல் பெரும்பகுதி இந்த இரண்டிலேயே வந்துவிடும். படம், விளக்கு, எனாமல், கடிகாரம் எல்லாமே அவருக்கு ஏறக்குறைய இனாம்.

1911 என்று போட்ட ரூபாய் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். அந்த வருஷத்துக் காசில் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த குட்டி யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று கிளம்பிய எதிர்ப்பில், அரசாங்கம் அச்சை மாற்றி, வெளியே விடாத காசுகளை உருக்கியது. 1912இலிருந்து யானைக்குத் தும்பிக்கை ஒழுங்காக வந்தது. ஆகவே 1911 காசுக்கு வெள்ளி விலையைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். 1862 என்று போட்டதற்கு அப்படியொரு மவுசு இல்லை. அதே வருஷத்தைப் போட்டே பல வருஷம் அடித்துத் தள்ளினார்கள்.

ராமர் போட்ட செப்புக்காசு இரண்டும் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818' என்று இருக்கிறது அல்லவா? கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவில்லை. கோயில் வாசலில் விற்ற டோக்கன் அது. சாமி வீட்டிலேயே வையுங்கள். அதை லட்சக்கணக்கில் வாங்குகிறேன் என்று யாராவது போன் செய்து, பதிவுக் கட்டணம், வரி என்று முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியே தன் பேரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி 2021இல் எச்சரித்திருக்கிறது. பழைய செம்பையோ கலசத்தையோ பார்த்து 'இரிடியம்', 'அரிசியை இழுக்கும்' என்று அதே மாதிரி மோசடிப் பேச்சை ஆரம்பிப்பவருக்குத் திண்ணையோடு மோர் கொடுத்து அனுப்புங்கள்.

கடிகாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. திறந்து பார்த்து, உள்ளே இருக்கும் இயந்திரத்தில் பேர் இருக்கிறதா என்று எழுதி அனுப்புங்கள். முகப்புத் தட்டில் இருக்கும் பேரை நம்பாதீர்கள், அன்சோனியா என்று எழுதிய தட்டு இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. கூட்டல் குறி போட்ட திருகாணி தெரிந்தால், அது 1930களுக்குப் பிறகு வந்த பழக்கம். முழுக் கடிகாரமும் புதிதாக இருக்கலாம், அல்லது பழுது பார்த்திருக்கலாம்.

இனி அம்மன். விலையைப் பேசுவதற்கு முன் அது யாருடையது என்று கேட்க வேண்டும். உங்கள் வீடு படைப்பு வீடா, அதாவது பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் வீடா? படைப்புக்கு உரிய பேழை, அதிலுள்ள சேலை, சாமி சாமான் எதுவும் நான்கு பேருக்கு மட்டும் சொந்தமில்லை, பங்காளிகள் எல்லாருக்கும் பொது. அந்த அம்மனும் அந்த வகையா என்று அத்தைக்குத் தெரியும். அப்படி இல்லை, வீட்டுக்கே உரியது என்றால், வயசைப் பார்க்க வேண்டும். சுவாமிமலையில் இன்றும் மெழுகு வார்ப்பில் அச்சு அசலாகச் சோழர் பாணியில் செய்கிறார்கள், பச்சை நிறத்தைக்கூட வரவழைக்கிறார்கள். பாணியை வைத்து வயசு சொல்ல முடியாது. நூறு வருஷம் கடந்த உலோகச் சிற்பத்தையும், மரப்பலகை ஓவியத்தையும் வைத்திருப்பவர் முன்னே சொன்ன 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் பதிவு அலுவலரிடம் பதிவு செய்தாக வேண்டும். கிருஷ்ணர் படத்துக்கும் இது பொருந்தும். பதிவு செய்தால் அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய்விடும் என்று பயப்படுகிறார்கள். உங்கள் பேரில்தான் சான்றிதழ் தருவார்கள். பதிவு செய்த பொருளை நாட்டுக்குள் விற்கலாம், கை மாறியதைத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் முடியாது. தங்கச்சி சிங்கப்பூருக்கோ வேறெங்கோ கொண்டுபோக நினைத்தால், நூறு வருஷம் ஆகாத பொருளுக்கும் 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. வியாபாரியிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் இருக்கிறதா? பதில் வரும் வேகத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

தந்தச்சிமிழுக்கும் புலிநகத்துக்கும் விலையே கிடையாது. நான் நயமாகச் சொல்லவில்லை, சட்டமே அப்படி. வனவிலங்குச் சட்டத்தின்படி இரண்டையும் விற்பது குற்றம். வாரிசாக வந்ததை வைத்திருக்கலாம், ஆனால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தெரிவித்திருக்க வேண்டும். அப்பச்சி தவறி ஒரு வருஷம் ஆகிவிட்டதால் கெடு தாண்டிவிட்டது. அதற்காக மூடி மறைக்க வேண்டாம். அவர் பேரில் பழைய உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று தேடிவிட்டு, ஒரு வழக்கறிஞரைக் கலந்து மாவட்ட வன அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். சங்கிலியில் இருப்பது மாட்டுக்கொம்பில் செதுக்கிய நகமாகவும் இருக்கலாம், பாதிக்குப் பாதி அப்படித்தான் பார்த்திருக்கிறேன். சிமிழின் அடியில் வெட்டுப்பட்ட இடத்தில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் தந்தம். ஊசி குத்தினாற்போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் எலும்பு. சூடான ஊசியை வைத்துப் பார்ப்பது என்ற சோதனையெல்லாம் வேண்டாம்.

ரங்கூன் பெட்டி. வியாபாரி இதைப் பழைய பேப்பர் கணக்கில் சேர்த்திருப்பார். அவருக்கு இதில் காசு இல்லை என்பது உண்மைதான், ஜப்பான்காரன் பர்மாவில் அடித்த நோட்டு உள்ளே கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் ரங்கூனின் மொகல் தெருவில் கடை வைத்திருந்தவர்களின் பேரேடுகள், அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் வேறு எந்த வீட்டிலும் இரண்டாவது பிரதி இல்லாதவை. உங்கள் பக்கத்து ஊர் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் மற்றவர்கள் தூக்கிப்போட்ட புத்தகத்தையும் நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்து வைத்தார். அவர் சேர்த்ததுதான் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாகத் தொடங்கப்பட்டது. அவர்களிடம் பேசுங்கள். ஓலைக்கட்டைப் பிரிக்க வேண்டாம், கயிற்றை இழுத்தால் காய்ந்த ஓலை முறியும். சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமோ தஞ்சாவூர் சரஸ்வதி மகாலோ படித்துச் சொல்லும். அதில் பாதி ஜாதகமும் வைத்தியமுமாக இருக்கும், இருந்தாலும் பார்த்துவிடுவோம். ஓலைக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் சட்டத்தில் நூறு இல்லை, 75 வருஷம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, மதிப்பு. நீங்கள் ஒரு தொகையைக் கேட்கிறீர்கள், ஒரு பொருளுக்கு ஒரு தொகை இருப்பதில்லை. உங்கள் குத்துவிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உருக்கினால் ஒரு விலை. வியாபாரி உங்களிடம் வாங்க ஒரு விலை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடையில் அதே விளக்கை நீங்கள் போய் வாங்கினால் ஒரு விலை. என் அனுபவத்தில் கடை விலையில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரைதான் வியாபாரி கொடுப்பார். அது திருட்டு இல்லை. கடை வாடகை, வருஷக்கணக்கில் தூங்கும் முதல், எல்லாம் அவருக்கும் உண்டு. ஏலம் என்றால் இன்னொரு விலை, அதில் விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். கிருஷ்ணர் படம் நான் நினைப்பது போல் இருந்தால் மட்டும் மும்பையின் ஏல நிறுவனங்களுக்குப் படம் அனுப்பிக் கேட்கலாம். மற்றவற்றை அங்கே அனுப்புவது லாரி வாடகைக்குக் காணாது.

நான்கு பேருக்குள் பிரிப்பதற்கு இந்த விலை எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. யார் எதை எடுத்தாலும் ஒரே அளவுகோல் என்று இருந்தால் போதும், கடை விலையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் போட்டு, நால்வரும் தனித்தனியாக, ஒருவரிடம் ஒருவர் காட்டாமல், தனக்கு வேண்டிய ஐந்தை எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டு மூன்று பொருள்தான் மோதும். மோதுவதைச் சீட்டுப்போட்டு எடுத்து, வித்தியாசத்தைப் பணமாகக் கொடுங்கள். தங்கச்சியையும் முதலிலிருந்தே உட்கார வையுங்கள். 'அவளுக்குத்தான் சாமான் கொடுத்தாயிற்றே' என்று தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். வாரிசாக வந்ததற்கு வரி இல்லை. விற்றால், பாத்திரம் பண்டம் சொந்த உபயோகப் பொருள், அதில் வரும் லாபத்துக்கு வரி கிடையாது. ஓவியம், சிற்பம், கலைப்பொருள் அப்படியல்ல, அவற்றில் மூலதன ஆதாய வரி உண்டு. 2001க்கு முன்பே குடும்பத்தில் இருந்தது என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாகக் காட்டலாம். அதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வியாபாரிக்கு இப்போதைக்கு 'அண்ணன் தம்பிகள் பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று மட்டும் சொல்லுங்கள். அவர் இரண்டாவது முறை வந்து, மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்தப் படத்தை மட்டுமாவது கொடுங்கள் என்பார். வந்தால் முன்பணம் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் விற்றதாகவே அவர் பேசுவார்.

தேவகோட்டைக்குப் போகும்போது விளக்கில் வெட்டியிருக்கும் எழுத்தை நன்றாகப் படம் பிடித்து, பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போங்கள். அத்தைக்குச் செல்போன் திரையில் தெரியாது. எனக்கு நீங்கள் அனுப்ப வேண்டியது ஒன்றுதான்: கிருஷ்ணர் படத்தின் பின்பக்கம், பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல்.